தண்ணீர் எந்த மூலையில் வெளியேறுகிறது?

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே,

ராத்திரி மழை கொட்டினால் போதும், விடியும் முன்னே பைக்கின் பின்சீட்டில் ட்ரைபாடைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். வேலூரில் இருப்பவர்கள் அமிர்திக்கு. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் ஜலகாம்பாறைக்கு. இன்னும் கொஞ்சம் பெட்ரோலும் துணிச்சலும் உள்ளவர்கள் ஜமுனாமரத்தூர் தாண்டி பீமன் அருவிக்கு. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் "சரிண்ணே, சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு பிரிண்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறீர்கள். அதனால் எழுத்தில்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஆம்பூரில் முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருடைய காதுகுத்துப் படம் நான் எடுத்தது. இப்போது உங்கள் அருவிப் படங்கள் பெரிய சைஸ் பிரிண்டுக்கு என் கடைக்கே வருகின்றன. அந்த உரிமையில் முதலில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசி, கார்த்திகையில் வந்த அருவிப் படங்களை ஒருநாள் மாலை கடையடைத்த பிறகு மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். எது ஜலகாம்பாறை, எது அமிர்தி, எது பீமன் அருவி என்று எடுத்தவர்களையே கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். நட்டநடுவில் வெள்ளையாக ஒரு கோடு. மேலே வெளுத்துப்போன வானம். இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரில் ஏற்றிய பச்சை. குடத்தோடு பாலைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர். சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டால் ஒருவர் படத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போகலாம். கேமரா மட்டும் ஒவ்வொருவரிடமும் லட்ச ரூபாயைத் தொடுகிறது.

இத்தனைக்கும் நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, ஷட்டர் எவ்ளோ வெக்கணும்?"

அதற்கும் பதில் சொல்கிறேன், ஒளித்துவைக்கிற ரகசியம் ஒன்றுமில்லை. மழை விட்ட மறுநாள் ஜலகாம்பாறையில் அட்டாறு மிரட்டிக்கொண்டு விழும். அப்போது கால் செகண்ட் போதும், சில நேரம் அதிலும் பாதி. தண்ணீர் நார் நாராகப் பிரிந்து தெரியும், அதன் எடையும் தெரியும். மார்கழி முடிந்து தண்ணீர் மெலிந்து பாறையைத் தடவிக்கொண்டு வழிகிற நாளில் ஒரு செகண்ட், இரண்டு செகண்ட் கொடுங்கள், அழகாக இருக்கும். தண்ணீரின் வேகத்துக்குத் தக்கபடி ஷட்டர். நீங்களோ தண்ணீர் எப்படி விழுந்தாலும் இரண்டு செகண்ட்தான் என்று முடிவுகட்டிவிட்டு வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள்.

தண்ணீரைப் பட்டுத்துணியாக்குகிற இந்த அழகு எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? 1861இல் கார்லட்டன் வாட்கின்ஸ் என்பவர் கோவேறு கழுதைகளின் முதுகில் பெரிய பெரிய கண்ணாடித் தகடுகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய தகடுகள் அவை. வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதனால் பல செகண்டுகள் திறந்தே வைக்க வேண்டும். அவர் படத்தில் அருவி பட்டாக இறங்கியதற்கு அந்தத் தகட்டின் மந்தம்தான் காரணம். வேறு வழியில்லாமல் அவருக்கு வந்ததை நாம் காசு கொடுத்து கறுப்புக் கண்ணாடி வாங்கி லென்ஸின்மேல் மாட்டி வரவழைக்கிறோம். தப்பில்லை. ஆனால் அவர் படங்கள் வாஷிங்டன் வரை போய், 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதில் அவற்றுக்கும் பங்கு இருந்தது. நம் படங்கள் எதுவரை போகின்றன? இதற்குப் பிறகு வருகிறேன்.

கம்போசிஷன் என்பது கேமராவில் இல்லை, உங்கள் காலில் இருக்கிறது. போய் இறங்கியதும் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். பாதை முடிகிற இடம் அது. பாதை போட்டவர் படம் எடுப்பதற்காகவா போட்டார்? முதல் அரைமணி நேரம் கேமராவைப் பையிலேயே வையுங்கள். பாறையின்மேல் ஏறுங்கள், இறங்குங்கள், குந்தி உட்காருங்கள். உட்கார்ந்தால் எதிரில் முழங்கால் உயரக் கல் ஒன்று மலைபோல் எழும்பும். நின்றால் அது சாதாரணக் கல். வானம் வெளுத்திருக்கிற நாளில் மேல் ஓரத்தை இறக்கி வானத்தையே வெட்டிவிடுங்கள். கண் எப்போதும் வெளிச்சமான இடத்துக்குத்தான் ஓடும், வெள்ளை வானத்தை உள்ளே விட்டால் அருவி தோற்றுவிடும். போலரைசரைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். நனைந்த கருங்கல்லின்மேல் கண்ணாடிபோல் மின்னுவது அடங்கி, கல்லின் சொந்த நிறமும் பாசியின் நிறமும் வரும். அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்று குறை சொல்வார்கள். அருவியில் அது நமக்கு லாபம், கறுப்புக் கண்ணாடி இல்லாமலே ஷட்டர் இறங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸில் சாரல் விழுந்திருக்கிறதா பாருங்கள். காலுக்குக் கீழேயும் பாருங்கள். வழுக்குப்பாறையில் உருண்டு, நல்ல 28 எம்.எம். லென்ஸ் ஒன்றை அட்டாற்றுக்குத் தானம் கொடுத்தவன் நான்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

உங்கள் படம் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: தண்ணீர் இந்தப் படத்துக்குள் எங்கே நுழைகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது? பார்ப்பவன் கண்ணும் தண்ணீரோடுதான் போகும். மேலிருந்து விழுந்து, தடாகத்தில் சுற்றி, கல்லிடுக்கில் புகுந்து, அப்புறம்? உங்கள் படங்களில் அப்புறம் என்பதே இல்லை. தடாகத்தின் நடுவிலேயே கீழ் ஓரத்தை வெட்டிவிடுகிறீர்கள். கண் ஓடிவந்து சுவரில் முட்டிக்கொள்கிறது. தண்ணீர் வெளியேற ஒரு மூலையைக் கொடுத்துப் பாருங்கள். இடது கீழ்மூலையிலோ வலது கீழ்மூலையிலோ இரண்டு கல்லுக்கு நடுவே அது நழுவி வெளியே போகட்டும். அப்போது படத்துக்கு மூச்சு வரும். அருவி எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற ஒன்று என்று தெரியும்.

அமிர்தியில் நான் எடுத்ததில் எனக்கே பிடித்த படம் ஒன்றுதான். அதில் அருவி மேல்மூலையில் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கிறது. அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடையோடு கீழே நடந்து, திரும்பிப் பார்த்து எடுத்தது. கரையில் ஒரு நீர்மருது. அதன் வேர்கள் கிழவியின் கைவிரல் மாதிரி ஒரு பாறையைக் கவ்விக்கொண்டிருந்தன. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே தண்ணீர் ஒரு முழம் அகலத்துக்குப் பிதுங்கி வெளியே வந்தது. வேரின் அடியில் பழுத்த இலை ஒன்று சிக்கி, தண்ணீர் தள்ளத் தள்ள அசைந்துகொண்டே இருந்தது, போகவில்லை. அரை செகண்டில் இலை மங்கிவிட்டது, வேர் கல்வெட்டுபோல் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் கேமராவோடு என்னைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

தண்ணீர் வெளியேறுகிற இடத்தைப் பிடித்துவிட்டால் அது உங்களை விடாது, கூட்டிக்கொண்டு போகும். அமிர்தி ஓடை நாகநதியாகி, கமண்டல நதியோடு கலந்து, செய்யாற்றில் சேர்ந்து, வாலாஜாபாத் பக்கம் திருமுக்கூடலில் பாலாற்றைத் தொடுகிறது. உங்கள் ஃபிரேமின் கீழ்மூலையிலிருந்து அத்தனை தூரம். அமிர்தி இருக்கிற அதே ஜவ்வாது மலையின் இந்தப் பக்கச் சரிவில் இறங்குகிற கானாறுகள் நேரே நம் ஊர்ப் பாலாற்றுக்கு வருகின்றன. பாதி வருடம் மணலாகக் கிடக்கும், ஒரு ராத்திரி மழையில் எழுந்து ஓடும். ஒரு கானாற்றையாவது வால் வரைக்கும் நடந்து பார்த்தவர் உங்களில் யார்?

பாலாற்றுப் பேச்சுக்கு முன்னால் இன்னொரு குறை. இது தங்கச்சிகளுக்கு இல்லை, தம்பிகளுக்கு.

ஜலகாம்பாறையில் ஒருநாள். கர்நாடகப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று அருவிக்கடியில் நின்றிருந்தது. லிங்க வடிவக் கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். பாட்டி, மருமகள்கள், பிள்ளைகள், எல்லோரும் துணியோடு தண்ணீருக்கடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். உங்களில் ஒருவர் ட்ரைபாடை நட்டுவிட்டு, கையை வீசி வீசி, "கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றார். பக்கத்து ஊர் அம்மா ஒருவர் துணி பிழிந்துகொண்டே சொன்னார்: "இன்னாபா இது, குளிக்க வந்தவங்கள நகரச் சொல்ற? தண்ணி இன்னா ஓடியா பூடும்? அவங்க குளிச்சிட்டுப் போவட்டும், நீ அப்பால புடிச்சுக்கோ." தம்பிக்குக் கோபம். நான் மரத்தடியில் வெட்கத்தோடு நின்றேன். இன்னும் மோசமானவர்களும் உண்டு, நகரச் சொல்லாமல் பெரிய லென்ஸைப் போட்டுக் குளிக்கிற பெண்களைத் தூரத்திலிருந்து எடுப்பவர்கள். அந்தப் படங்கள் பிரிண்டுக்கு வருவதில்லை, அலைபேசியில் சுற்றுகின்றன என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கடிதத்தில் வேறு ஒரு சொல்லும் இல்லை.

நகரச் சொல்கிறவர்களுக்குத்தான் பதில். ஆள் இல்லாத அருவி என்ற ஆசையை நமக்கு யார் கொடுத்தார்கள்? வெளிநாட்டுக் காலண்டர் கொடுத்தது. நம் மலையை நம் ஆட்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா. அங்கிருந்து ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. உ.வே.சா. 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. மலையை யானையாக நினைத்து, அதிலிருந்து கிளம்பும் ஓசைகளை மதநீராகச் சொல்கிறது அந்தத் தலைப்பு. அந்த மலையில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று புலவர் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். முதலில் அருவி. அதுவும் வெறும் அருவி இல்லை, வானுலகப் பெண்கள் குடைந்து ஆடுகிற அருவி. முள்ளம்பன்றியிடம் அடிபட்ட கானவனின் அழுகை வருகிறது. புலி பாய்ந்த கணவன் புண் ஆறப் பாடுகிற மலைப்பெண் வருகிறாள். தினை குற்றுகிறவர்களின் பாட்டு வருகிறது. கரும்பு பிழிகிற ஆலையின் ஓசையைக்கூட அவர் விடவில்லை. "ஆலை ஃபிரேமில் வருகிறது, நகர்த்துங்கள்" என்று அவர் சொல்லவில்லை. குளிப்பவர்கள், அழுகிறவர்கள், ஆலை எல்லாம் சேர்ந்துதான் அவருக்கு மலை.

நமக்கோ மலை ஒரு ஃபிரேம், ஆலை இன்னொரு ஃபிரேம். இந்த வியாதியில் முதல் நோயாளி நான்தான். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வராது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம். பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. இது நம் ஊரில் பண்டிகை மாதிரி. 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலங்களின்மேல் நின்று ஊரே வேடிக்கை பார்த்ததே, நினைவிருக்கும். நான் சொல்வது அவ்வளவு பெரிய வெள்ளம் இல்லை. ஒரு தடுப்பணையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். விடியற்காலை, மேகமூட்டம், அருமையான வெளிச்சம். தடுப்பணைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று நுரை. இடுப்பு உயரம். சுழியில் மாட்டிய நுரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு செகண்ட் வைத்தேன். நுரையின் ஒவ்வொரு திட்டும் வளையமாக இழுபட்டு, ரிக்கார்டு தட்டுபோல வட்டம் வட்டமாக விழுந்தது. அடுத்து நான் செய்ததுதான் முக்கியம். இடது ஓரத்தில் பாலத்தின் தூண் இருந்தது. லென்ஸைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி அதை வெளியே தள்ளினேன். மேலே எருமைகளோடு ஒருவர் நின்றிருந்தார். மேல் ஓரத்தை இறக்கி அவரையும் தள்ளினேன். மிச்சம் இருந்தது நுரையும் ஒரு கருங்கல்லும். சுத்தமான கம்போசிஷன்.

அதைப் பெரிதாகப் போட்டுக் கடை வாசலில் மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் "எந்த அருவிண்ணே?" என்று கேட்டார்கள். ஏலகிரி பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. பாராட்டு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒரு பெரியவர் வந்தார், கரையோரக் கிராமத்துக்காரர். படத்தை வெகு நேரம் பார்த்தார். "இந்தக் கல்லு எங்க கரைக் கல்லாச்சே" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை படத்தைக் கழற்றினேன். கட்டிலுக்கடியில் இன்னும் இருக்கிறது.

கேமரா பொய் சொல்லவில்லை. தூணை வெளியே தள்ளிய என் கைதான் சொன்னது.

அந்த நுரை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். படம் எடுக்கிறவனுக்கு அது தெரிய வேண்டும். அருவியடியிலும் நுரை வரும். இலைதழை மட்கிக் கரைந்த தண்ணீர் மேலிருந்து விழும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளும், குமிழி எழும்பும். அது பெரும்பாலும் சின்னது, ஓடையில் கொஞ்ச தூரம் போவதற்குள் உடைந்துவிடும். ஆற்றில் இடுப்பு உயரம் நிற்கிற நுரை வேறு சங்கதி. நம் ஊர்த் தோல் ஆலைகளில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் கழிக்கும்போது தோலின் புரதம் தண்ணீரில் கரைகிறது. கொழுப்பை எடுக்கச் சோப்புபோன்ற ரசாயனங்கள் சேர்கின்றன. சுத்திகரிக்காத கழிவுநீர் மழைநாளில் ஆற்றுக்குள் வந்துவிட்டால், தடுப்பணையில் விழுந்ததும் கடைந்த மாதிரி பொங்குகிறது, உடையவும் மாட்டேன் என்கிறது. கேமராவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு செகண்ட் ஷட்டரில் இரண்டும் பட்டுதான். ஆற்று நுரை சில நாள் நேரில் பழுப்பாக இருக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதையும் வெளுத்துக் கொடுத்துவிடும்.

"விஷத்தை அழகாக எடுத்தவர்கள் உலகத்தில் இல்லையா?" என்று உங்களில் படித்தவர்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள். எட்வர்ட் பர்டின்ஸ்கி 1996இல் கனடாவின் சட்பரியில் நிக்கல் ஆலைக் கழிவு ஓடையை எடுத்தார். கறுத்த மண்ணில் நெருப்பு ஆரஞ்சு நிறத்தில் ஆறு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அவர் அதற்கு நிக்கல் கழிவு என்றே பெயர் வைத்து, ஊரையும் சொல்லித்தான் காட்டினார். அழகு உங்களை நிறுத்தும், பெயர் உங்களைக் குத்தும். நான் அழகை வைத்துக்கொண்டு பெயரை மாற்றினேன். அவருக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் மனதில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. "அண்ணே, எங்க அம்மா ஷூ கம்பெனிக்குத்தான் போறாங்க. இந்தக் கேமராவே அந்தச் சம்பளத்துல வாங்குனது." தெரியும். காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக சோத்துப் பையோடு நிற்கிற பெண்களை நானும் தினமும் பார்க்கிறேன். என் அப்பா சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவர். ஆவாரம்பட்டை வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் கலந்துதான் எனக்கு அப்பா வாசனை. அந்தக் குழிதான் என்னைப் படிக்கவைத்தது. என் முதல் கேமராவும் அதில் வந்ததுதான். ஆகவே யாரையும் மூடச் சொல்லிக் கொடி பிடிக்க உங்களைக் கூப்பிடவில்லை. கழிவைப் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒழுங்காக அனுப்பிச் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை ராத்திரிக்காகக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே நிறத்தில் காட்டுகிற படம் கெட்ட படம்.

ஆனால் இந்த ஆற்றின் வழக்கு உங்களில் பலருடைய வயதைவிடப் பழையது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் வேலூர் என்ற பெயரை அதில்தான் படிக்கிறான். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நடுவே இருபத்தெட்டு வருடம். அந்த இருபத்தெட்டு வருடத்தில் இந்த ஆறு மாதத்துக்கு மாதம் எப்படி இருந்தது என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த படவரிசை ஒன்று நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களிடம் இருக்கிறதா? என்னிடம் இல்லை. என் அலமாரியில் நாலாயிரம் கல்யாணம் இருக்கிறது, பாலாறு இல்லை. இருக்கிற ஒன்றும் கட்டிலுக்கடியில்.

காவலூரில், நம் ஜவ்வாது மலையின்மேலேயே, வானத்தைப் படம் எடுக்கிற வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு ராத்திரிப் படம் பெரிய விஷயமில்லை. அதே மூலையை மறுபடி மறுபடி பார்ப்பதில்தான் ஏதாவது நகர்ந்தது என்று தெரியவரும். கம்போசிஷனில் நாம் மறந்துபோன பாதி அதுதான். எங்கே நிற்பது என்பது முதல் பாதி, அங்கேயே நிற்பது மறு பாதி.

அதனால் கேட்கிறேன். அருவிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் போவேன். இந்த மழைக்காலத்தில் ஒவ்வொருவரும் பாலாற்றிலோ அதற்கு வருகிற ஒரு கானாற்றிலோ ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொது இடமாக இருக்கட்டும், பாலம், கரை, கோயில் படி. யார் கம்பெனி மதிலையும் எட்டிப்பார்க்க வேண்டாம், ட்ரோன் விட வேண்டாம். ட்ரைபாடின் மூன்று கால் ஊன்றும் இடத்தில் அடையாளம் வையுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரம், அதே லென்ஸ், அதே உயரம், பன்னிரண்டு மாதம். ஃபிரேமுக்குள் அசையாத ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும்: தூண், படி, மரம், எதுவானாலும். நான் வெளியே தள்ளியதை நீங்கள் உள்ளே வைக்கிறீர்கள். ஷட்டர் நூற்றிருபத்தைந்தில் ஒன்று, பட்டுத்துணி வேண்டாம். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் பூட்டிவிடுங்கள், நுரை என்ன நிறமோ அந்த நிறத்திலேயே விழட்டும். ஒன்றும் இல்லாத வெறும் மணலாக இருந்தாலும் எடுங்கள், மணலும் கணக்குதான். தெளிந்த தண்ணீர் ஓடினால் அதையும் அதே மரியாதையோடு எடுங்கள். எருமைக்காரர் வந்தால் நகரச் சொல்லாதீர்கள். பெயர் கேளுங்கள், படம் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

பிரிண்டுக்குக் காசு வாங்க மாட்டேன். பன்னிரண்டு மாதமும் முடிந்து வருகிற தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு கல்யாண மண்டபத்தைக் காலியான நாளில் கேட்டு வாங்குவது என் பொறுப்பு. ஒரு சுவரில் உங்கள் அருவிகள், எதிர்ச்சுவரில் உங்கள் பன்னிரண்டு மாதங்கள். கரையோர ஊர்க்காரர்களைக் கூப்பிடுவோம், கம்பெனிக்காரர்களையும் கூப்பிடுவோம், அதிகாரிகளுக்கும் அழைப்பு வைப்போம். கட்டிலுக்கடியில் இருப்பதையும் கொண்டுவந்து, சரியான பெயர் எழுதி, வாசலிலேயே மாட்டுகிறேன்.

என் இடத்தை நான் எடுத்துக்கொண்டாகிவிட்டது. அதே தடுப்பணை, அதே கல், இந்த முறை தூணோடு சேர்த்து. கார்த்திகை முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அங்கே இருப்பேன். எந்தத் தடுப்பணை என்று கடைக்கு வந்து கேளுங்கள், சொல்கிறேன். பிளாஸ்கில் டீ கொண்டுவருகிறேன். நீங்கள் ட்ரைபாடும், சேற்றில் இறங்கத் தக்க செருப்பும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டூடியோ அண்ணன்,
ஆம்பூர்.